பொகுட்டின் உள்ளே

பீங்கான் தட்டில் கிடந்த தாமரைப் பொகுட்டை ஐயாறப்பன் இன்னும் தொடவில்லை. இதழ்களெல்லாம் உதிர்ந்த பிறகு காம்பின் நுனியில் மிஞ்சி நிற்குமே, புனல் மாதிரி, மேலே தட்டையாகக் கண் கண்ணாக, ஒவ்வொரு கண்ணுக்குள்ளும் ஒரு கொட்டையை வைத்துக்கொண்டு, அதுதான் பொகுட்டு. தட்டுக்குப் பக்கத்தில் டாக்டர் துரையின் மெல்லிய கத்தி இருந்தது. மல்லிகை அரும்பைக்கூட நசுங்காமல் இரண்டாக்கிவிடும் கத்தி. துரை ஆஸ்பத்திரிக்குப் புறப்படுமுன் பொகுட்டின் மேல் விரலை வைத்து மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுத்துக் காட்டியிருந்தார். "இங்கே. ஒரே வெட்டு. உள்ளே உள்ளதை உள்ளபடி எழுது. உச்சிவேளைக்கு நான் வருவேன். படப் பெட்டி இன்றைக்கே கப்பலுக்குப் போகிறது" என்று தனக்குத் தெரிந்த தமிழில் சொல்லிவிட்டுப் பல்லக்கில் ஏறிக்கொண்டார். ஆகட்டும் துரையே என்று ஐயாறப்பனும் தலையாட்டிவிட்டான். தலைக்கு என்ன, அது தானாக ஆடிவிடுகிறது. கை மாட்டேன் என்கிறது. வெட்டக் கூடாது. வீட்டில் தையல்நாயகிக்கு மாதம் நிறைந்துகொண்டிருக்கிறது. பிள்ளைத்தாய்ச்சியின் புருஷன் எதையும் வெட்டக் கூடாது, உடைக்கக் கூடாது, பிணம் தூக்கக் கூடாது, முகம் சிரைத்துக்கொள்ளக் கூடாது, நகம் களையக் கூடாது. பொகுட்டு என்ன சும்மா ஒரு காயா? லட்சுமி உட்காருகிற இடம். அதுவும் கொட்டை பிடித்த பொகுட்டு. வயிறும் பிள்ளையுமாக இருப்பதை எடுத்து, ஒரே வெட்டு என்கிறார். மனுஷன் கும்பினி டாக்டர், தினம் எத்தனை வயிற்றைப் பார்க்கிறாரோ. அவருக்கு இது இலை, பூ, காய். ஐயாறப்பன் கத்தியைப் பார்த்தான். கத்தியில் ஜன்னல் தெரிந்தது. ஜன்னலில் வேப்பமரம் தெரிந்தது. மரத்தில் ஒரு காக்கை கரைந்தது. யாராவது வருகிறார்களோ, வீட்டிலிருந்து ஆள் வருகிறதோ என்று காது வாசல் பக்கம் போய்விட்டுத் திரும்பி வந்தது.

காகிதத்தில் மற்றதெல்லாம் முடிந்திருந்தது. ஒரு மூலையில் மொட்டு, நடுவில் மலர்ந்த பூ, அதன் பின்னால் ஆள் உயரத்துக்குத் தண்ணீருக்கு மேல் எழும்பி நிற்கிற இலை, கீழே முள் முள்ளாக நாளம், நாளத்தை ஒடித்தால் வருகிற நூல். வலது பக்கம் ஒரு கை அகலத்துக்கு வெள்ளையாக விட்டிருந்தான். அந்த வெள்ளைதான் காலையிலிருந்து அவனைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. தஞ்சாவூரில் அவனை மாதிரித் தாமரை எழுதினவன் யார்? சாமிப் படங்களில் எத்தனை தாமரை எழுதியிருப்பான், லட்சுமிக்கு ஒன்று, சரஸ்வதிக்கு ஒன்று, குழந்தைக் கிருஷ்ணன் காலடியில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு எழுதலாம். கண்ணை மூடிக்கொண்டுதான் எழுதியிருக்கிறான் என்று இந்தத் துரையிடம் வந்த அன்றைக்குத்தான் தெரிந்தது. முதல் காகிதத்தில் முன்னால் எட்டு இதழ், பின்னால் எட்டு இதழ், எல்லாம் ஒரே அளவு, நுனியில் ஒரே வளைவு. துரை அதைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பார்த்துவிட்டு, "மிகவும் அழகு. இதில் உட்காருகிற அம்மாள் எங்கே? வெளியே போயிருக்கிறாளா?" என்று கேட்டார். இரண்டாவது காகிதத்தில் பூ சரியாக வந்தது. இலையில் ஒரு நத்தை கடித்த ஓட்டை இருந்தது. அதை ஐயாறப்பன் பச்சை வைத்து அடைத்துவிட்டான். ஓட்டை உள்ள இலையை யார் எழுதுவார்கள்? மூளி அல்லவா? மூக்கு உடைந்த சிலையையும் விரிசல் விட்ட கண்ணாடியையும் வீட்டில் வைப்பதுண்டா? துரை தட்டிலிருந்த நிஜ இலையை எடுத்து, அந்த ஓட்டைக்குள் சுண்டுவிரலை விட்டு ஆட்டினார். குழந்தைக்கு வேடிக்கை காட்டுகிற மாதிரி. ஐயாறப்பனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஓட்டையைத் திரும்ப எழுதினான். ஓட்டையோடு இலை அழகாகத்தான் இருந்தது, அதுதான் வேடிக்கை. ஆனால் ஓட்டை நத்தை கடித்தது. நத்தையின் பெண்டாட்டி பிள்ளைத்தாய்ச்சியோ என்னவோ, அது நத்தையின் பாடு. இது தன் கையால் செய்வது.

"என்ன தம்பி, இன்னும் அதையே பாத்துக்கிட்டு இருக்கே? அது முட்டையில்ல, நீ அடைகாத்தா பொரியறதுக்கு." பட்லர் சவரிமுத்து தோளில் துண்டோடு வாசற்படியில் நின்றுகொண்டிருந்தார். துரையின் சமையலும் சாவியும் அவர் பொறுப்பு. "தாடியும் நகமுமா நீ உக்காந்திருக்கிறதப் பாத்தா, படம் எழுத வந்த ஆளா, தவம் பண்ண வந்த சாமியாரான்னு எனக்கே சந்தேகம் வருது." ஐயாறப்பன் தாடியைத் தடவிக்கொண்டான். மெதுவாக, "பட்லரண்ணே, நீங்க ஒரு வெட்டு வெட்டிக் குடுத்தீங்கன்னா" என்று ஆரம்பித்தான். "நானா? நேத்து வெட்டிக் குடுத்தேனே, துரை என்னைப் பாத்த பார்வை போதும்ப்பா. இன்னைக்கு ராத்திரியும் கனவுல வரும்." அது உண்மைதான். நேற்று ஐயாறப்பன் கேட்டுக்கொண்டதற்காக அவர் அடுப்படிக் கத்தியை எடுத்துவந்து, கத்தரிக்காயை வகிர்கிற மாதிரி ஒரு போடு போட்டார். பொகுட்டு நசுங்கிக் கொட்டையெல்லாம் நாலாபக்கமும் ஓடியது. ஒன்று துரையின் செருப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது. குளத்தில் இந்தப் பருவத்தில் மிச்சம் இருந்தது இந்த ஒன்றுதான். "எனக்குப் புரியாமத்தான் கேக்கறேன்," என்றார் சவரிமுத்து. "எனக்கு ஏழு புள்ளைங்க. ஏழும் வயித்துல இருக்கும்போது நான் தினம் கோழி அறுத்தேன். பட்லர் கோழி அறுக்காம, துரைக்குக் கீரையா மசிச்சுப் போடறது? ஏழும் கல்லுக்குண்டு மாதிரி இருக்கு. சாப்பாடு போட்டு மாளல." "உங்க சாமி வேற அண்ணே." "சாமி வேற. கோழி ஒண்ணுதானே?" என்றார் அவர். ஐயாறப்பன் தட்டைக் கொஞ்சம் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவரும் குரலைத் தணித்துக்கொண்டார். "சரி சரி, மனசுல வச்சுக்காதே. மோர் கொண்டாந்து வைக்கறேன், குடி. பல்லக்கு வந்தாச்சுன்னா நான் வந்து சொல்றேன், அதுக்குள்ள எதையாவது எழுதி வை." எதையாவது. அவர் போன பிறகும் அந்தச் சொல் அறையிலேயே உட்கார்ந்திருந்தது.

கோழி ஒன்றுதான். இருக்கட்டும். பூசணிக்காயும் ஒன்றுதான். ஆயுத பூஜையன்று பட்டறை வாசலில் எல்லோரும் உடைக்கிற மாதிரி ஐயாறப்பனும் ஒரு பூசணிக்காயை உடைத்தான். முதல் பிள்ளை தையல்நாயகியின் வயிற்றில் இருந்த வருஷம். உடைக்கும்போது கூடப் பத்துப் பேர் நின்றார்கள். ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. அவனுக்கும்தான். பிள்ளை பிறந்து அழவில்லை என்றபோது மாமியாருக்குப் பூசணிக்காய் ஞாபகம் வந்தது. "உடைச்சீங்களே மாப்ளே," என்று ஒரே ஒரு தடவைதான் சொன்னாள். அவள் கத்தியிருந்தால் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். மெதுவாகச் சொன்னதால் அது உள்ளேயே தங்கிவிட்டது. இரண்டாவது பிள்ளைக்கு அவன் எதையுமே தொடவில்லை. கரும்பைக் கடித்துத் தின்றான், கத்தி படாமல். காகிதத்தை மடித்து நாக்கால் ஈரப்படுத்திக் கிழித்தான். தேங்காய் உடைக்கிற வேளையில் கோயிலுக்கே போகவில்லை. அப்படி இருந்தும் அந்தப் பிள்ளையும் அழவில்லை. அப்புறம் தேடல் ஆரம்பித்தது. மாமியார் வாய்விட்டுத் தேடினாள், அவன் மனசுக்குள் தேடினான். என்ன செய்தேன், எதை வெட்டினேன்? படுக்கும்போது தேடினான், குளிக்கும்போது தேடினான், படத்தில் அம்மனுக்கு மூக்குத்தி வைத்துக்கொண்டிருக்கும்போது தேடினான். கடைசியில் கிடைத்துவிட்டது. தூரிகை. மெல்லிய கோடு இழுக்க அணில் வால் மயிரில் தூரிகை கட்டுவார்கள். கட்டின பிறகு நுனியை ஒழுங்காக்க மயிரைக் கத்தரித்திருக்கிறான். கத்தரித்தது வெட்டினதுதானே? அந்த நினைப்பு வந்ததும் அவனுக்கு வந்தது துக்கமா, நிம்மதியா? நிம்மதிதான். காரணம் கிடைத்துவிட்டதல்லவா? காரணம் தெரிந்தால் அடுத்த தடவை ஜாக்கிரதையாக இருக்கலாம். காரணமே இல்லை என்றால் எதில் ஜாக்கிரதையாக இருப்பது? இந்தத் தடவை பழைய தூரிகையையே தேயத் தேய வைத்துக்கொண்டிருக்கிறான். முகத்தில் கத்தி பட்டு எவ்வளவு காலம் ஆகிறது. நகம் வளர்ந்து, தூரிகையைப் பிடித்தால் உள்ளங்கையில் குத்துகிறது. இவ்வளவுக்கும் பிறகு, இன்றைக்கு, ஒரே வெட்டு என்றால்.

காலையில் புறப்படும்போது தையல்நாயகி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "வரும்போது நெல்லிக்கா வாங்கிட்டு வாங்க. அம்மாகிட்ட சொல்லாதீங்க, சளி பிடிக்கும்னு எடுத்து ஒளிச்சு வச்சுடும்." அவளுக்குப் பயம் இல்லையா? இருக்கும். காட்டிக்கொள்ள மாட்டாள். கால் வீங்கியிருந்தது. மெட்டி விரலுக்குள் புதைந்து கிடந்தது. அந்தக் காலை அப்படியே எழுதலாம் என்று தோன்றியது. எழுதினால் மூளி என்று யாராவது சொல்வார்களோ? இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு ஒரு மாதம் கழித்து, அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலையைத் தூக்காமலே, "நீங்க பாத்தீங்களா அதை?" என்று கேட்டாள். "எதை?" "எதைன்னா கேக்கறீங்க? எனக்குத்தான் காட்டல. கண்ண மூடிக்கோன்னு அம்மா கைய வச்சு மறைச்சுடுச்சு. நீங்க வெளியிலதானே நின்னீங்க? உங்க வழியாத்தானே எடுத்துட்டுப் போனாங்க? முகம் யாரு மாதிரி இருந்துச்சு?" அவன் வழியாகத்தான் கொண்டுபோனார்கள். வெள்ளைத் துணிச் சுருள், சித்தப்பாவின் கையில். துணியின் ஒரு ஓரம் விலகியிருந்தது. ஐயாறப்பன் சுவரைப் பார்த்தான். சுவரில் சுண்ணாம்பு எங்கெங்கே உதிர்ந்திருந்தது என்று இப்போது கேட்டாலும் எழுதிக் காட்டுவான். துணியைப் பார்க்கவில்லை. பார்ப்பதுதான் அவன் பிழைப்பு. அன்றைக்குப் பார்க்கவில்லை. "உன்னை மாதிரிதான் இருந்துச்சு," என்றான் அவளிடம். "மூக்கு எடுப்பா. நெத்தி அகலமா." அவள் பொறுக்கின கல்லை ஓரமாக வைத்தாள். "அப்படியா," என்றாள். எடுப்பான மூக்கும் அகலமான நெற்றியும் அவன் எல்லா அம்மன்களுக்கும் எழுதுகிற மூக்கும் நெற்றியும்தான். அவளுக்கு அது தெரியாதா? அவன் எழுதின அம்மனைத்தானே அவள் தினம் கும்பிடுகிறாள்?

எதையாவது எழுதி வை. தூரிகையை அவுரி நீலத்தில் தோய்த்து, மஞ்சள் பிசினில் ஒரு புரட்டுப் புரட்டிப் பச்சையாக்கி, அந்த வெள்ளையில் ஐயாறப்பன் பொகுட்டின் வெளிக்கோட்டை இழுத்தான். வெட்டாமலே எழுதிவிடலாம். உள்ளே என்ன இருந்துவிடப் போகிறது? மேலே கண் இருக்கிறது, கண்ணுக்குக் கீழே ஒரு குழி இருக்கும், குழிக்குள் ஒரு கொட்டை இருக்கும், கொட்டை உருண்டையாகப் பச்சையாக இருக்கும். எல்லாம் ஒரே அளவு. வரிசையாக ஐந்து அறை, ஐந்து கொட்டை. பார்க்க லட்சணமாக இருக்கும். துரைக்கு எப்படித் தெரியும்? பெட்டி இன்றைக்கே கப்பலுக்குப் போய்விடும். சீமையில் இதைப் பார்க்கிறவன் தாமரைக் குளத்தைக் கண்டானா? முதல் அறைக்குக் கோடு இழுத்தான். இரண்டாவதற்கு இழுத்தான். மூக்கு எடுப்பா, நெத்தி அகலமா. யார் சொன்னது? அறைக்குள் ஒருவரும் இல்லை. தூரிகை நின்றுவிட்டது. அளவு பார்க்கலாம், அளவு மட்டும் பார்க்கலாம், அதில் தப்பில்லை என்று இடது கையால் பொகுட்டை எடுத்தான். அவன் நினைத்ததைவிட லேசாக இருந்தது, பஞ்சு மாதிரி. திருப்பினான். வாசலில் ஏதோ சத்தம். ஆள் ஓடிவருகிற சத்தமா? கை இறுகிவிட்டது. ஓடினது ஒரு ஆடு. கையைப் பார்த்தான். கட்டைவிரல் நகம் பொகுட்டின் பக்கவாட்டில் முழுசாக இறங்கியிருந்தது. இத்தனை நாள் களையாமல் காத்து வளர்த்த நகம். எடுத்தபோது அந்தப் பிளவிலிருந்து ஒரு சொட்டுப் பால் வந்தது.

பொகுட்டைத் திரும்பத் தட்டில் வைத்தான். அவன் அப்படியே உட்கார்ந்திருந்தான். இப்போது நடக்கும். இப்போது தெருவில் சித்தப்பா கெட்ட சேதியோடு வருவார், தலையில் முண்டாசு இல்லாமல். இப்போது மாமியார், மாப்ளே என்று மெதுவாகச் சொல்வாள். எதை வெட்டினீங்க மாப்ளே? வெட்டலை அத்தை, நகம் பட்டுடுச்சு. நகம் களையக் கூடாதுன்னுதானே வச்சிருந்தேன்? நீங்கதானே சொன்னீங்க? மாமியார் அதற்கு என்ன சொல்வாள்? அவளுக்கும் தெரியாது. திடீரென்று அது அவனுக்குத் தெரிந்தது, அவளுக்கும் தெரியாது என்பது. பாவம், அவளும் தேடினாள். மகளின் கண்ணை மறைத்த கையை வைத்துக்கொண்டு எங்கெல்லாமோ தேடினாள். கையில் கிடைத்தது மருமகனின் பூசணிக்காய். வேப்பமரத்தில் காற்று வந்து போயிற்று. அடுப்படியில் சவரிமுத்து யாரையோ திட்டிக்கொண்டிருந்தார். பால் சொட்டு தட்டில் விழுந்து பரவாமல் உருண்டையாக நின்றது. அரைக் காயமாக விட்டால் அது இன்னும் பெரிய பாவமோ? பாவமோ இல்லையோ, அது பொகுட்டுக்கு வலிக்கிற மாதிரி இருந்தது. அவன் கத்தியை எடுத்தான். கோடு இழுக்கிற கைதானே, எடுத்துவிட்டால் அதற்கு வழி தெரியும். துரை விரலால் காட்டிய இடத்தில் வைத்து, தையலு என்று மனசுக்குள் ஒரு தடவை கூப்பிட்டு, மேலிருந்து கீழாக இழுத்தான். ஒரு சத்தமும் இல்லை. பொகுட்டு இரண்டாகத் திறந்து கொடுத்தது.

உள்ளே வெள்ளை. நெட்டி மாதிரி மெத்தென்ற வெள்ளை, நடுவில் சின்னச் சின்னக் காற்றறைகள். வெட்டின முகத்தில் ஐந்து குழி. வரிசையாக இல்லை, ஒன்று மேலே, ஒன்று கொஞ்சம் சாய்ந்து. மூன்று குழிகளில் கொட்டை நிறைந்திருந்தது, குழியின் சுவரை முட்டிக்கொண்டு, ஒன்று மற்றொன்றைவிடக் குண்டாக. மற்ற இரண்டு குழிகளில் இல்லை. இல்லை என்றும் சொல்ல முடியாது. குனிந்து பார்த்தான். மிளகு அளவுக்குச் சுருங்கி, பழுப்பாக, ஒவ்வொரு குழியின் அடியிலும் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. ஐயாறப்பன் அந்த இரண்டு குழிகளையும் சுற்றிப் புழு துளைத்திருக்கிறதா என்று தேடினான். இல்லை. கத்தி பட்டதா? கத்தி இப்போதுதான் வந்தது, இவை என்றைக்கோ நின்றுபோனவை. மேலே இருந்து பார்த்தபோது எல்லாக் கண்ணும் ஒரே மாதிரிப் பச்சையாகத்தானே இருந்தது? பொகுட்டைத் திருப்பி மேல் பக்கத்தைப் பார்த்தான், மறுபடி உள்ளே பார்த்தான். ஒரே குளம், ஒரே நாளம், ஒரே வெயில். மூன்றுக்கு ஊட்டின பால்தான் இரண்டுக்கும் வந்திருக்கிறது. யாரும் குளத்தங்கரையில் பூசணிக்காய் உடைக்கவில்லை. யாரும் அணில் மயிரைக் கத்தரிக்கவில்லை. நின்றுவிட்டது, அவ்வளவுதான். காரணம் இல்லை. அப்படியானால் தையல்நாயகியின் வயிற்றில் இருப்பதற்கும் தன் தாடியாலும் நகத்தாலும் ஒரு காவலும் இல்லை. அது நிறைகிற குழியோ, நிற்கிற குழியோ. அந்தப் பயம் பெரிதாக, வெறுமையாக இருந்தது. ஆனால் அதில் மாப்ளே என்று கூப்பிடுகிற குரல் இல்லை.

மோர் கொண்டுவந்து வைத்தார்கள், அவன் பார்க்கவில்லை. பழைய கோடுகளை ஈரத் துணியால் ஒற்றி எடுத்துவிட்டு, குழிகளை இருக்கிற இடத்தில் வைத்தான். மூன்று கொட்டைகள் சீக்கிரம் வந்தன. நான்காவது குழிக்குள் கை தானாக ஒரு வட்டத்தைத் தொடங்கியது, நிறைந்த கொட்டையின் வட்டம். கை அப்படித்தான், மூளியை விடாது. பாதியில் பிடித்து நிறுத்தினான். அதையும் ஒற்றி எடுத்தான். இருப்பதிலேயே மெல்லிய தூரிகையை எடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு, முகத்தைத் தட்டுக்கு மிக அருகில் கொண்டுபோனான். சுருங்கினது என்றா நினைத்தான்? அதற்கு ஒரு வடிவம் இருந்தது. ஒரு பக்கம் லேசாக மடிந்து, காது மாதிரி. நுனியில் கறுப்பு, அதற்குக் கீழே வெறும் பழுப்பு இல்லை, பழுப்புக்குள் ஒரு சிவப்பு. இரண்டும் ஒன்று போல் இல்லை. ஒன்று குழியின் நடுவில் நிமிர்ந்திருந்தது. மற்றது சுவரில் சாய்ந்திருந்தது, தூங்குகிற மாதிரி. இரண்டையும் அடியிலிருந்து ஒரு மயிரிழைக் காம்பு பிடித்துக்கொண்டிருந்தது. நிறைந்த மூன்றையும் எப்படிப் பிடித்திருந்ததோ அப்படியே, இன்னும் விடாமல். அவன் கண் நிறைந்து பார்வை கலங்கியது. காகிதத்தில் விழக்கூடாதே என்று தலையைப் பின்னால் இழுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தான்.

"தம்பி, பல்லக்கு வந்தாச்சு," என்று சவரிமுத்து உள்ளே வந்தார். திறந்து கிடந்த பொகுட்டைப் பார்த்ததும் குரல் தானாக இறங்கியது. "வெட்டிட்டியா! துரை கேக்கறாரு, முடிஞ்சுதா?"

"கொஞ்சம் இருக்கச் சொல்லுங்க அண்ணே. இன்னும் ரெண்டு பேரு இருக்காங்க."

"யாரு?" என்று அவர் அறையைச் சுற்றிப் பார்த்தார். ஐயாறப்பன் தலையைத் தூக்கவில்லை. பழுப்புக்குள் இருந்த அந்தச் சிவப்புக்கு அரக்குச் சாயத்தை எவ்வளவு கலப்பது என்று, சுவரில் சாய்ந்திருந்ததன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.